சோற்றை விட்டுவிட்டேன், சர்க்கரை விடவில்லையே டாக்டர்!

கொங்குப் பகுதி நகரம் ஒன்றில், ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் 39 வயது வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

காலை 9.30க்குக் கடைக்குள் போனால் இரவு 9 மணிக்குத்தான் வெளியே வருகிறார். இரண்டாவது பிரசவத்தின்போது கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. பையன் பிறந்ததும் சரியாகிவிட்டது என்றார்கள், அதோடு மறந்துவிட்டார். பையனுக்கு இப்போது 11 வயது. அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் இரண்டு கால்விரல்களை எடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் களைப்பும் மூச்சுவாங்கலும் அதிகமாகவே பரிசோதனைக்குப் போனார். வெறும் வயிற்றில் 108, சாப்பிட்ட பின் 152, மூன்று மாதச் சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சி 6.1. "பார்டர்ல இருக்கும்மா" என்று சொல்லி டாக்டர் மெட்ஃபார்மின் 500 எழுதிக் கொடுத்தார். மாத்திரையை வாங்கினார், அட்டையைப் பிரிக்கவில்லை. "ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாது, கிட்னி போயிடும்" என்று கூட வேலை பார்க்கும் அக்கா சொன்னதுதான் காரணம்.

மாத்திரைக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் வந்த மூலிகைப் பொடி, 2,800 ரூபாய். அரிசிச் சோற்றை அடியோடு நிறுத்தினார். காலையில் கருப்பட்டி போட்ட ராகிக் கஞ்சி. மதியம் பெரும்பாலும் ஒன்றுமில்லை, டீயும் இரண்டு பிஸ்கட்டும். இரவு 10.15க்கு உருளைக்கிழங்குக் குருமாவோடு நான்கு சப்பாத்தி. ஆறு வாரத்தில் எடை 64 கிலோவிலிருந்து 61 ஆனது. கூடவே தலைசுற்றல் வந்தது. லோ சுகர் என்று நினைத்து மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டு வாயில் போட்டுக்கொள்கிறார். போன வாரம் மறுபடி பார்த்ததில் வெறும் வயிற்றில் 106. "சோற்றை விட்டும் இரண்டு புள்ளிதான் குறைந்திருக்கிறது. எனக்கும் அப்பா கதிதானா? நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறேன், இதற்கு மேல் எப்போது நடப்பது?" என்று கேட்கிறார். யாரிடமும் சொல்ல வேண்டாம், வயசுக்கு வந்த பொண்ணு இருக்கிறாள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறாராம்.

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை முதலில் பார்த்தேன். சர்க்கரை எண்களை நீங்களே சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறீர்கள். நான் வட்டமிட்டது அதற்கு மேலே இருக்கும் வரியை: ஹீமோகுளோபின் 9.2. உங்கள் வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது. மாதவிடாய் ஏழெட்டு நாள் நீள்கிறது என்று மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். களைப்புக்கும் மூச்சுவாங்கலுக்கும் இப்போதைய தலைசுற்றலுக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ரத்தசோகையைத்தான். இந்த அளவுச் சர்க்கரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சர்க்கரைக்கான மாத்திரை எதுவும் போடாத ஒருவருக்கு, மதியம் சாப்பிடாததால் மட்டும் ஆபத்தான லோ சுகர் வருவது அபூர்வம். அதனால் மிட்டாயை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது மதியச் சாப்பாடும் இரும்புச்சத்தும்.

ரத்தசோகைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஹெச்பிஏ1சி என்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையின் அளவு. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால்தான் அதை மூன்று மாதச் சராசரி என்கிறோம். இரும்புச்சத்துக் குறைவில் இந்த அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே உங்கள் 6.1ஐ அப்படியே நம்ப முடியாது. 5.9ஆக இருக்கலாம், அதற்கும் கீழே இருக்கலாம். ரத்தம் தேறி மூன்று, நான்கு மாதம் கழித்து எடுத்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து அந்த 152. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு வரச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்ற கணக்கு, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனைக்கு உரியது. கர்ப்பமாக இருந்தபோது குடித்திருப்பீர்களே, அதே குமட்டும் தண்ணீர்தான். இரண்டு இட்லிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. மீதமிருப்பது 108. அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் கணக்கில் வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை பார்டர். உலக சுகாதார நிறுவனம் அந்தக் கோட்டை 110இல் போடுகிறது. ஒரு கணக்கில் நீங்கள் உள்ளே, இன்னொன்றில் வெளியே. 108க்கும் 106க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த நாளில் எடுத்தாலே வரும். அதை வைத்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

அப்படியானால் ஒன்றுமில்லையா? அதுவும் இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம். "சரியாகிவிட்டது" என்று சொல்லி அனுப்பியவர்கள், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, பதினொரு ஆண்டு போய்விட்டது. அப்பாவுக்கும் இருக்கிறது. உங்கள் இடுப்புச் சுற்றளவு 91 செ.மீ. நம் நாட்டுப் பெண்களுக்கு 80ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எண்கள் சற்றுத் தள்ளாடினாலும், நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய ஆள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்காக அப்பா கதி என்று முடிவு கட்டாதீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. நம் ஊர்க்காரர்களையே வைத்துச் செய்தது என்பதால் நான் அடிக்கடி சொல்வேன். பார்டரில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான பொது ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் உங்களுக்கு முக்கியமான சங்கதி, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. எடை குறையாமலேயே பலன் கிடைத்தது. பட்டினி கிடந்து மூன்று கிலோ குறைத்த நீங்கள் இதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். அப்படிக் குறையும் எடையில் தசையும் சேர்ந்து கரையும். தின்ற சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கே தசைதான். கிடங்கை இடித்துவிட்டுச் சரக்கை எங்கே இறக்குவது?

சோறு குற்றவாளி அல்ல

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சப்பாத்திக்குச் சுமார் 30 கிராம் மாவு. நான்குக்கு 120 கிராம். அதில் ஏறக்குறைய 85 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 300 கிராம் சோற்றிலும் அதே அளவுதான். ஆக, ஒரு தட்டுச் சோற்றை நிறுத்திவிட்டு அதே அளவு மாவுச்சத்தை, அதுவும் உருளைக்கிழங்கைத் தொட்டுக்கொண்டு, இரவு பத்தே காலுக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். கோதுமை வடக்கிலிருந்து வந்ததாலோ என்னவோ, அதை மருந்து மாதிரி நினைக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. சோறோ சப்பாத்தியோ, எவ்வளவு, எதோடு, எப்போது என்பதுதான் கேள்வி.

ராகி நல்ல தானியம், கால்சியம் நிறைய. ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் மடமடவென்று ஜீரணமாகிச் சர்க்கரை ஏறும். அதில் கருப்பட்டி வேறு. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு என்பது உண்மை. உங்கள் கணையத்துக்கு அது எந்தச் சலுகையும் தராது. ராகி வேண்டுமென்றால் முருங்கைக்கீரை போட்ட அடையாகச் செய்யுங்கள், கூடவே ஒரு முட்டை.

நேரமின்மையை நீங்கள் எழுதியிருந்ததால், புதுச் சமையல் எதையும் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை இடம் மாற்றினால் போதும். டிபன் பாக்ஸை மனதுக்குள் நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு பொரியல் அல்லது கூட்டு: பீன்ஸ், அவரை, கோஸ், வெண்டை, கீரை எதுவும் சரி, உருளையும் சேனையும் இந்தப் பக்கம் சேராது. ஒரு பங்கு பயறு அல்லது முட்டை. கடைசிப் பங்கு சோறு. உங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அரிசி மூன்று, பருப்பு ஒன்று என்று போட்டால், இனிப் பருப்பை அரிசிக்குச் சமமாகப் போடுங்கள். கொள்ளு கடைந்து வைத்தால் ஒரு வேளைக்கான புரதக் கவலை தீர்ந்தது. சாப்பிடும்போது பொரியலையும் பயறையும் முதலில், சோற்றைக் கடைசியில் சாப்பிடுங்கள். வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை கொஞ்சம் மட்டுப்படும்.

மாலை 6 மணிக்கு டீயோடு வரும் வடையின் இடத்தில் ஒரு டப்பா சுண்டல், அல்லது ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. இது உங்களுக்கு மிக முக்கியமான வேளை, ஏனென்றால் ராத்திரி நான்கு சப்பாத்தி இறங்குவதற்குக் காரணமே மதியமும் மாலையும் காலியாகக் கிடந்த வயிறு. மாலை நிரம்பினால் இரவு ஒன்றரை, இரண்டு சப்பாத்தியில் கை தானாக நிற்கும். தொட்டுக்கொள்ளக் குருமாவுக்குப் பதில் பாசிப்பருப்புக் கீரை.

டீயைப் பற்றி. ஒரு நாளைக்கு நான்கு கடை டீ என்றால் அதிலேயே ஏழெட்டு ஸ்பூன் சர்க்கரை போகும். ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நான்காவது நாள் கைவிடுவீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள், இரண்டு டீயோடு நிறுத்துங்கள். சாப்பாட்டை ஒட்டி டீ குடிப்பதையும் விடுங்கள். சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்காதபடி அது தடுக்கும். இரும்பு மாத்திரை தந்தால் அதற்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்த்தால் நல்லது.

கால் கடுக்க நிற்பது நடையாகாது

உங்கள் வேலையைக் குறைத்துப் பேசவில்லை. பதினோரு மணி நேரம் நின்று, நூறு சேலையைப் பிரித்து மடிப்பது சாதாரண உழைப்பு அல்ல. ஆனால் ஒரே இடத்தில் நிற்கும்போது கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் தேங்கி வலி வருகிறதே தவிர, தசை பெரிதாகச் சர்க்கரையைச் செலவழிப்பதில்லை. நடக்கும்போது தசை சுருங்கி விரிகிறது. அப்போது இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் உங்களுக்குத் தேவை ஒரு மணி நேர வாக்கிங் இல்லை, சாப்பிட்ட கையோடு பத்து நிமிடம். மதியம் சாப்பிட்டதும் மேல் தளம் வரை படியேறி இறங்குங்கள். காலையில் ஒரு ஸ்டாப் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். இரவு மொட்டை மாடியில் பத்து நிமிடம். ரத்தம் 9.2 இருப்பதால் முதல் மாதம் மெதுவாக, மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். வேகமெல்லாம் ரத்தம் ஏறிய பிறகு.

அப்புறம், உட்கார உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவே ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் பழையபடியே உண்டு. நான் மருத்துவன், வக்கீல் இல்லை. தனியாகப் போய் முதலாளியிடம் சட்டம் பேசி வேலையை இழக்கும் யோசனையையும் சொல்ல மாட்டேன். உங்கள் பிரிவில் நாலைந்து பேராகச் சேர்ந்து, மதியம் அரை மணி நேரமாவது உட்கார்ந்து சாப்பிட விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சாப்பிட நேரம் கிடைக்காமல் நான் சொல்லும் எதுவும் நடக்காது.

மாத்திரையும் பொடியும்

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். அதைப் பார்த்து, அந்த மாத்திரைதான் கெடுத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் வயிற்றைப் புரட்டலாம், அதனால் சாப்பிட்டபின் போட வேண்டும். பல ஆண்டுகள் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம், அதைப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஆயுசுக்கும் என்பதும் சரியில்லை. உங்கள் நிலையில் அது தடுப்புக்காகத் தருவது, எண்கள் நன்றாக இருந்தால் டாக்டரே நிறுத்திப் பார்ப்பார். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்கு இது நன்றாகவே பலன் தருகிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்தது. ஆகவே உங்கள் டாக்டர் எழுதியது தவறில்லை.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இப்போதே தொடங்குவது. இன்னொன்று, முதலில் ரத்தசோகைக்கு மருந்து, மூன்று மாதம் ஒழுங்கான சாப்பாடும் நடையும், அதன்பின் பரிசோதித்து முடிவெடுப்பது. குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சோதனையில் 140க்குக் கீழே வந்தால் நான் இரண்டாவது வழியைச் சொல்வேன். 180, 190 என்று வந்தால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 200ஐத் தொட்டால் அது பார்டர் இல்லை. எதுவானாலும் "பயந்துகொண்டு மாத்திரை போடவில்லை" என்று டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நோயாளி போடுகிறார் என்று நினைத்து அடுத்த முறை அவர் அளவைக் கூட்டினால் சிக்கல்.

பொடியை இன்றே நிறுத்துங்கள். பாக்கெட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறதா, தயாரிப்பு உரிமம் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மாத்திரைகளையே அரைத்துக் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. உங்கள் தலைசுற்றலுக்கு அதையும் நான் சந்தேகப்படுகிறேன், ஆகவே லோ சுகர் அபூர்வம் என்று மேலே சொன்னது பொடியில் கலப்படம் இல்லாத வரைக்கும்தான். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவ விளம்பரத் தடைச் சட்டமே தடை செய்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் படித்த மருத்துவரைப் பாருங்கள். எடுத்துக்கொள்ளும் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் சொன்னதற்கு ஒரு பதில். இந்தியாவில் 13.6 கோடிப் பேர் பார்டரில் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வு கணக்கிட்டது. மாப்பிள்ளை வீட்டிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். மறைத்து வைத்தால் பொண்ணுக்குத்தான் நஷ்டம். நாளை அவள் கருவுறும்போது, அம்மாவுக்கு இது இருந்தது என்று டாக்டரிடம் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது: வார விடுமுறை நாளில் இரவு முழுக்கப் பட்டினியோடு காலையில் அரசு மருத்துவமனைக்குப் போய், 75 கிராம் குளுக்கோஸ் சோதனை, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கேளுங்கள். சோதனைக்கு முந்தைய மூன்று நாள் சோற்றை விடாமல் வழக்கம்போல் சாப்பிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் எண் தவறாகக் காட்டலாம். அன்றே மகப்பேறு பிரிவில் மாதவிடாய் நீள்வதைச் சொல்லி, கர்ப்பப்பைக்கு ஸ்கேன் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் எல்லா எண்ணையும் எழுதுங்கள். இந்த முறை ஹீமோகுளோபினையும் வட்டமிட்டு.